ஹவுசிங் அசோசியேஷன் ஃப்ளாட்டில் லீஸ்ஹோல்டரா? எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

கிழக்கு லண்டனில் ஒரு ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகை வீடுகளை நடத்தும் லாப நோக்கற்ற அமைப்பு) கட்டடத்தில் நானும் ஒரு லீஸ்ஹோல்டர். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கடிதங்களைச் சில வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதனால் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பில் வந்தால் என்னிடம் வருவார்கள். சிலர் ஒரு வருடத்துக் கடிதங்களைப் பிரிக்காமலே பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். பிரித்துப் பார்த்தால், கேள்வி கேட்க உரிமை இருந்திருக்கும், ஆனால் கெடு முடிந்திருக்கும்.

அதனால்தான் இங்கே வரிசைக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டுமான வழிகாட்டி. ஸ்காட்லாந்தில் சொத்துச் சட்டமே வேறு.

1. முதலில் நீங்கள் யார் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நம்மூரில் லீஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இங்கே அந்த அர்த்தமே கிடையாது. 99, 125 அல்லது 990 வருடங்களுக்கு அந்த ஃப்ளாட்டில் இருக்கும் உரிமையை நீங்கள் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். சென்னையில் ஃப்ளாட் வாங்கும்போது கேட்போமே, யு.டி.எஸ். எவ்வளவு என்று? அப்படி நிலத்தில் ஒரு பங்கு இங்கே உங்களுக்கு இல்லை. நிலம், கூரை, வெளிச்சுவர், படிக்கட்டு எல்லாம் ஃப்ரீஹோல்டருடையவை, அதாவது நிலத்தின் சொந்தக்காரருடையவை. அந்த ஃப்ரீஹோல்டர் பெரும்பாலும் அசோசியேஷன்தான்.

ஒரே கட்டடத்தில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு வகை. முழு விலை கொடுத்து வாங்கிய லீஸ்ஹோல்டர்கள் இன்னொரு வகை. வீட்டில் ஒரு பங்கை வாங்கிவிட்டு மீதிக்கு வாடகை கட்டும் ஷேர்ட் ஓனர்கள் மூன்றாவது. லிஃப்டில் சேர்ந்து போகும் மூன்று பேருக்கும் உரிமைகள் வேறு வேறு.

புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். "பக்கத்து வீட்டுக்கு பாய்லர் மாத்திக் குடுத்தாங்களே, எனக்கு ஏன் மாத்தல?" என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாடகைதாரர். அவருடைய பழுதுகளைப் பார்க்க வேண்டும் என்று அசோசியேஷனை 1985ஆம் வருட லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 11ஆம் பிரிவு கட்டிப்போடுகிறது. அந்தப் பிரிவு 7 வருடத்துக்குக் குறைவான குத்தகைகளுக்கு மட்டும்தான். ஈரம், பூஞ்சை பற்றி 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அவாப் சட்டமும் சமூக வாடகைதாரர்களுக்கானது. லீஸ்ஹோல்டர் அதைக் காட்டிப் புகார் எழுதினால், "இது உங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரே வரியில் பதில் வரும். உங்களுக்கு ஆதாரம் உங்கள் லீஸ்தான்.

2. ஒரு நாள் ஒதுக்கி, காகிதங்களைச் சேருங்கள்

பிரச்சினை வந்த பிறகு காகிதம் தேடினால் பாதிக் கெடு தேடுவதிலேயே போய்விடும். முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை இவை: லீஸின் முழு நகல், வாங்கும்போது சொலிசிட்டர் கொடுத்த அறிக்கை, கடைசி மூன்று வருட சர்வீஸ் சார்ஜ் (கட்டடத்தின் பொதுச் செலவில் உங்கள் பங்கு) மதிப்பீடுகளும் இறுதிக் கணக்குகளும், கட்டடக் காப்பீட்டுச் சான்று.

லீஸ் நகல் இல்லையென்றால் முதலில் சொலிசிட்டரைக் கேளுங்கள். அவரிடமும் இல்லையென்றால், பதிவான லீஸின் நகலை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் கட்டணம் கட்டி வாங்கலாம். அதற்கு லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசுத் தளத்துக்கே நேராகப் போங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் அதே நகலுக்குப் பல மடங்கு கேட்கும்.

அப்புறம் மின்னஞ்சலில் வீட்டுக்கென்று ஒரு கோப்புறை திறந்துவிடுங்கள். "போன் பண்ணிச் சொல்லிட்டேன் அண்ணா" என்பதுதான் நான் அதிகம் கேட்ட வாக்கியம். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. பேசியே ஆக வேண்டுமென்றால் பேசுங்கள். அன்று மாலையே, "இன்று இத்தனை மணிக்குப் பேசினோம், நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். எப்போது சொன்னீர்கள் என்ற கேள்வி ஒருநாள் வரும். அன்று அந்த இரண்டு வரிதான் கைகொடுக்கும்.

3. லீஸை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

பழைய சட்ட ஆங்கிலத்தில் நாற்பது, ஐம்பது பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில் தொடங்கியவர்கள் மூன்றாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை வேறு.

முதலில் உங்களுக்கு விற்கப்பட்ட இடத்தின் எல்லையை விவரிக்கும் பகுதியைத் தேடுங்கள். பெரும்பாலும் பின்பக்க அட்டவணைகளில் ஒன்றில் இருக்கும். ஜன்னல் கண்ணாடி உங்களுடையதா, ஜன்னல் சட்டகமும் உங்களுடையதா, தரைக்கு அடியில் போகும் குழாய் யாருடையது, பால்கனி யாருடையது என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், பழுது பற்றிய எல்லாச் சண்டையும் இந்த எல்லைக்கோட்டில்தான் நடக்கும்.

அடுத்து அசோசியேஷனின் கடமைகள். அதற்கப்புறம் உங்கள் கடமைகள். கடைசியாக சர்வீஸ் சார்ஜ் பகுதி: எந்தெந்தச் செலவை உங்களிடம் வாங்கலாம், உங்கள் பங்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதிகளில் கட்ட வேண்டும், எதிர்காலப் பழுதுக்கென்று சேமிப்பு நிதி உண்டா என்பதெல்லாம் அங்கே இருக்கும். லீஸில் இடம் கொடுக்காத செலவை, அது எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், உங்களிடம் வாங்க முடியாது.

படிக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். சர்வீஸ் சார்ஜ் செலவுக்கேற்ப மாறுவதா, நிலையான தொகையா? மாறும் தொகைக்குத்தான் 1985 சட்டத்தின் "நியாயமான செலவு" பாதுகாப்பு உண்டு. நிலையான தொகை என்றால் அந்தக் கதவு மூடியிருக்கும். பெரும்பாலான லீஸ்களில் மாறும் தொகைதான்.

4. பழுது வந்தால்: யாருக்கு எழுதுவது

பொதுவான பிரிவினை இது: சுவர்ப்பூச்சு, உள்கதவுகள், சமையலறை, குளியலறை, உங்கள் ஃப்ளாட்டுக்கு மட்டும் போகும் குழாய், வயர், பாய்லர் ஆகியவை உங்கள் பொறுப்பு. கூரை, அடித்தளம், வெளிச்சுவர், லிஃப்ட், பொது நடைவழி, எல்லோருக்கும் பொதுவான குழாய்கள் அசோசியேஷன் பொறுப்பு. அசோசியேஷன் பொறுப்பு என்றால் வேலையைச் செய்யவைப்பது அவர்கள். பணத்தில் உங்கள் பங்கு சர்வீஸ் சார்ஜில் வந்து சேரும். இதைச் சொன்னதும் முகம் வாடாதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஷேர்ட் ஓனர்களுக்கு இது இன்னும் கசப்பு. பழைய வகை லீஸில் 25% பங்கு வைத்திருப்பவரும் பழுதுச் செலவில் ஃப்ளாட்டின் முழுப் பங்கையும் கட்ட வேண்டும். 40 ஃப்ளாட் உள்ள கட்டடத்தில் கூரைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு செலவு, எல்லோருக்கும் சமபங்கு என்றால், தலைக்கு 3,000. கால் பங்குதானே வாங்கினேன் என்று 750 கட்ட முடியாது.

2021இல் வந்த புதிய மாதிரி லீஸில் இது மாறியது. அதில் முதல் 10 வருடம் வெளிப்புற, கட்டமைப்புப் பழுதுகளின் செலவு அசோசியேஷனுடையது. உள்ளே குழாய், கழிவறைச் சாதனம், வெப்பமூட்டும் அமைப்பு போன்றவற்றின் பழுதுக்கு வருடம் 500 பவுண்டு வரை கோரலாம். பயன்படுத்தாத தொகை ஒரு வருடம் மட்டும் தள்ளிப்போகும். இந்த 500 பவுண்டைக் கேட்காமலே விட்டவர்கள் எங்கள் பகுதியிலேயே சிலர் உண்டு. உங்கள் லீஸ் எந்த வகை என்று கட்டடம் முடிந்த வருடத்தை வைத்து ஊகிக்காதீர்கள். 2021க்குப் பிறகும் பழைய மாதிரி லீஸ்கள் கையெழுத்தாகியிருக்கின்றன. லீஸையே திறந்து பாருங்கள்.

மேல்வீட்டிலிருந்து தண்ணீர் ஒழுகினால் வரிசை இதுதான்: முதலில் மேல்வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்து படம், வீடியோ எடுங்கள். பிறகு அசோசியேஷனுக்கு எழுதிக் கட்டடக் காப்பீட்டில் கோரிக்கை போடச் சொல்லுங்கள். கட்டடக் காப்பீட்டை எடுப்பது அவர்கள், பிரீமியத்தில் ஒரு பங்கு கட்டுவது நீங்கள். நனைந்த சோபாவும் டிவியும் அந்தக் காப்பீட்டில் வராது. அவற்றுக்கு நீங்களே தனிக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பூச்சு வேலையை முடித்துவிட்டு அப்புறம் படம் எடுக்க நினைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

5. சர்வீஸ் சார்ஜ் பில் வந்த அன்று

பல அசோசியேஷன்களின் கணக்கு வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வருடத் தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு வரும், அதை மாதத் தவணையாகக் கட்டுவீர்கள். வருடம் முடிந்து சில மாதம் கழித்து உண்மைச் செலவுக் கணக்கு வரும். அதிகமாகச் செலவாகியிருந்தால் பாக்கி கேட்பார்கள், குறைவாக இருந்தால் உங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள். மதிப்பீட்டோடு சண்டை போட்டு, இறுதிக் கணக்கைப் பிரிக்காமல் விடுவது வழக்கமான தவறு. உண்மையான எண்கள் இரண்டாவதில்தான் இருக்கின்றன.

கவர் கையில் வந்ததும் மேலே தேதியை எழுதுங்கள். பிறகு மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, அசோசியேஷனின் பெயரும் முகவரியும் பில்லில் இருக்கிறதா? இரண்டு, உங்கள் உரிமைகளையும் கடமைகளையும் சொல்லும் அச்சிட்ட தாள் கூடவே வந்திருக்கிறதா? இவை இல்லாவிட்டால், சரி செய்து அனுப்பும்வரை பணம் கட்டும் கெடு தொடங்காது. இதை வைத்துப் பில்லையே ரத்து செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவர்கள் அந்தத் தாளை மறுபடி அனுப்பியதும் கட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது, 18 மாத விதி. ஒரு செலவு ஏற்பட்டு 18 மாதத்துக்குள் அதற்குப் பில் வர வேண்டும், அல்லது "இந்தச் செலவு ஆகியிருக்கிறது, பிறகு உங்களிடம் கேட்போம்" என்று எழுத்தில் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அதைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் மதிப்பீடாக முன்பே வாங்கிவிட்ட தொகைக்குள் அடங்கும் செலவுக்கு இந்த விதி உதவாது. இணையத்தில் அரைகுறையாகப் படித்துவிட்டு 18 மாதம் என்று சொல்லிக் கடிதம் எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அதற்கப்புறம் கணக்கைக் கேளுங்கள். 1985 சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி செலவுகளின் சுருக்கக் கணக்கை எழுத்தில் கேட்கலாம். நீங்கள் கேட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள், அல்லது கணக்கு வருடம் முடிந்து ஆறு மாதத்துக்குள், இவற்றில் எது பின்னால் வருகிறதோ அதற்குள் அவர்கள் கொடுக்க வேண்டும். சுருக்கம் வந்த ஆறு மாதத்துக்குள், 22ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, ரசீதுகளையும் பில்களையும் பார்க்க வேண்டும் என்று எழுதலாம். இந்த ஆறு மாதத்தை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

மின்னஞ்சல் நீளமாக இருக்க வேண்டாம். ஃப்ளாட் எண், எந்த வருடக் கணக்கு, எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள், எந்தெந்த வரிகளின் ரசீது வேண்டும், இவ்வளவு போதும். அநியாயம், கொள்ளை என்ற சொற்கள் வேண்டாம். அவற்றுக்குப் பதில் எழுதுவது சுலபம். "துப்புரவு என்ற வரியில் எத்தனை முறை வந்தார்கள் என்பதற்கான பதிவேடு தரவும்" என்பதற்குப் பதில் எழுதுவதுதான் கஷ்டம்.

ரசீதுகள் வந்தால் என்ன தேடுவது? பக்கத்துக் கட்டடத்துச் செலவு உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அசோசியேஷன்களிடம் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் உண்டு, பெயர்கள் குழம்பும். உங்கள் கட்டடத்தில் லிஃப்டே இல்லாமல் லிஃப்ட் பராமரிப்பு என்று வரி இருக்கலாம். எங்களுக்கு அப்படி ஒருமுறை இல்லாத கேட்டுக்குப் பழுதுச் செலவு வந்தது. எழுதிக் கேட்டதும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அதே வரி இருந்ததை நாங்கள் யாருமே பார்க்கவில்லை என்பதுதான் வெட்கம்.

6. செக்‌ஷன் 20 நோட்டீஸ்: குப்பையில் போடக்கூடாத கடிதம்

பெரிய வேலை எதிலாவது ஒரு லீஸ்ஹோல்டரின் பங்கு 250 பவுண்டைத் தாண்டுமென்றால், 1985 சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி அசோசியேஷன் முன்கூட்டியே உங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் ஒருவருக்கு வருடம் 100 பவுண்டைத் தாண்டினாலும் அப்படித்தான். கலந்தாலோசிக்காமல் விட்டால் வாங்கக்கூடியது அந்த 250 அல்லது 100 பவுண்டு மட்டுமே. விலக்கு கேட்டு அவர்கள் டிரிப்யூனலுக்கு, அதாவது இந்தத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு, போகலாம். 2013இல் டேஜன், பென்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, கலந்தாலோசனை நடக்காததால் உங்களுக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்பதுதான் கேள்வி. விதிமீறலைச் சுட்டிக்காட்டினால் மட்டும் போதாது என்று அர்த்தம்.

வழக்கமான ஓட்டத்தில் முதல் நோட்டீஸ் என்ன வேலை, ஏன் என்று சொல்லும். கருத்துச் சொல்ல 30 நாள். ஒப்பந்தக்காரர் ஒருவரைப் பரிந்துரைக்கவும் இந்த 30 நாள்தான். இரண்டாவது நோட்டீஸில் விலைப்புள்ளிகள் வரும், மறுபடி 30 நாள். மிகக் குறைந்த விலை சொன்னவரையோ நீங்கள் பரிந்துரைத்தவரையோ விட்டுவிட்டு வேறொருவருக்குக் கொடுத்தால், காரணம் சொல்லி 21 நாளுக்குள் மூன்றாவது நோட்டீஸ் வரும்.

ஹவுசிங் அசோசியேஷன்களில் இந்த ஓட்டம் பெரும்பாலும் வேறு மாதிரி. அவர்கள் பல வருட ஒப்பந்தமாக ஒரு பெரிய நிறுவனத்தை முன்பே அமர்த்தியிருப்பார்கள். அந்த ஒப்பந்தத்துக்கு நோட்டீஸ் வந்தபோது "நமக்கென்ன" என்று விட்டிருப்பீர்கள். பிறகு கூரை வேலை அந்த ஒப்பந்தத்தின் கீழ் வரும்போது ஒரே ஒரு நோட்டீஸ், ஒரே 30 நாள். ஒப்பந்தக்காரரைப் பரிந்துரைக்க உரிமை கிடையாது. ஆகவே எந்த வேலையும் குறிப்பிடாமல், ஒப்பந்தம் என்று மட்டும் பேசும் கடிதம் வந்தால் அதைத்தான் அதிக கவனமாகப் படிக்க வேண்டும்.

பதிலில் என்ன எழுதுவது? "வேண்டாம்" என்று எழுதிப் பயனில்லை. வேலை ஏன் இப்போது அவசியம், எந்தப் பொறியாளர் அறிக்கை, ஜன்னல்களை மாற்றாமல் பழுது பார்க்க முடியாதா, சாரம் கட்டும்போதே வேறெந்த வேலைகளைச் சேர்த்து முடிக்கலாம், சேமிப்பு நிதியிலிருந்து எவ்வளவு எடுப்பார்கள் என்று கேளுங்கள். அவர்கள் உங்கள் கருத்துகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிறகு டிரிப்யூனல் வரை போனால் இந்தப் பதில்தான் உங்கள் முதல் சாட்சி. கூடவே தவணை வசதியையும் கேளுங்கள். பல அசோசியேஷன்கள் கொடுக்கும். ஆனால் தாமாகப் பெரிய எழுத்தில் சொல்லாது.

தனித்தனியாக எழுதுவதைவிடச் சங்கமாக எழுதுவது பலம். மாறும் சர்வீஸ் சார்ஜ் கட்டும் ஃப்ளாட்டுகளில் குறைந்தது பாதி சேர்ந்தால் சட்டப்படி அங்கீகாரம் கேட்கலாம். அங்கீகாரம் பெற்ற சங்கம் கணக்குகளைப் பார்க்கத் தன் சார்பில் சர்வேயர் ஒருவரை நியமிக்கலாம்.

7. சண்டை இருந்தாலும் பணத்தை நிறுத்தாதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் நேரடி டெபிட்டை ரத்து செய்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார். பாக்கி சேர்ந்தால் அசோசியேஷன் உங்கள் மோர்ட்கேஜ் வங்கிக்கு எழுதும். வங்கி பயந்து, பாக்கியைக் கட்டி உங்கள் கடனில் சேர்த்துவிடும். அதோடு வழக்கு முடிந்தது. இன்னும் மோசமான நிலையில், லீஸையே பறிக்கும் நடவடிக்கை. அதற்கு டிரிப்யூனலோ நீதிமன்றமோ பாக்கியை முதலில் உறுதிசெய்ய வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பாதையில் போகவே வேண்டாம். ஷேர்ட் ஓனர்கள் வாடகைப் பாக்கியில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். 2007இல் மிட்லண்ட் ஹார்ட் வழக்கில், வாடகைப் பாக்கியால் ஒருவர் தன் பங்கையே இழந்தார்.

சரி, கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகாதா? ஆகாது. பணம் கட்டியதை மட்டும் வைத்து நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் கருதக்கூடாது என்று 1985 சட்டத்தின் 27ஏ பிரிவே சொல்கிறது. "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், இன்னின்ன வரிகளைக் கேள்வி கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள்.

கட்டவே முடியாத நிலை என்றால், பாக்கி விழுவதற்கு முன்பே எழுதித் தவணை கேளுங்கள். பாக்கி விழுந்த பிறகு எழுதும் கடிதம் வேறு மேசைக்குப் போகும்.

8. ஆம்பட்ஸ்மனா, டிரிப்யூனலா?

தவறான வாசலில் மாதக்கணக்கில் நின்றவர்கள் உண்டு. இப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள்: தொகை சரியா, அந்தத் தொகையைக் கட்ட வேண்டுமா என்பது டிரிப்யூனலுக்கு. பதில் தராதது, வேலையை இழுத்தடித்தது, தப்பாக நடத்தியது எல்லாம், புகார்களை விசாரிக்கும் அமைப்பான ஹவுசிங் ஆம்பட்ஸ்மனுக்கு.

ஆம்பட்ஸ்மனிடம் நேராகப் போக முடியாது. முதலில் அசோசியேஷனின் இரண்டு கட்டப் புகார் முறையை முடிக்க வேண்டும். முதல் கட்டம்: 5 வேலை நாளில் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், அதிலிருந்து 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். இரண்டாம் கட்டத்தில் பதிலுக்கு 20 வேலை நாள். 2024 ஏப்ரல் 1 முதல் இந்த விதிமுறை சட்டப்படி கட்டாயம். அனுப்பும்போதே தலைப்பில் "முதல் கட்டப் புகார்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் "சும்மா விசாரித்தார்" என்று வேறு கணக்கில் போட்டுவிடுவார்கள், நாள்கணக்கு தொடங்காது. இறுதிப் பதில் வந்த 12 மாதத்துக்குள் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை.

டிரிப்யூனல் என்பது ஃபர்ஸ்ட்-டியர் டிரிப்யூனலின் சொத்துப் பிரிவு. கட்டணம் உண்டு. வக்கீல் இல்லாமலே போகலாம், பலர் போகிறார்கள். விண்ணப்பத்தோடு 1985 சட்டத்தின் 20சி பிரிவின் கீழும் ஒரு கோரிக்கை வையுங்கள். அசோசியேஷன் தன் வக்கீல் செலவை உங்கள் சர்வீஸ் சார்ஜிலேயே சேர்ப்பதைத் தடுக்கக் கேட்பதுதான் அது. இதை மறந்தால், வழக்கில் ஜெயித்துவிட்டு அடுத்த வருட பில்லில் அவர்கள் செலவைக் கட்டும் விசித்திரம் நடக்கலாம். போவதற்கு முன், அரசு நிதியில் நடக்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸிடம் இலவச ஆலோசனை கேளுங்கள்.

9. உங்கள் பக்கத்துக் கடமைகள்

உரிமை கேட்டு எழுதும் முன் உங்கள் வீட்டைச் சரிபாருங்கள். உங்கள் கடிதம் போனதும் அவர்கள் உங்கள் கோப்பைத் திறப்பார்கள்.

அனுமதி வாங்காமல் செய்த வேலைகள்தான் முதலிடம். சுவரை இடிப்பது, சமையலறையை இடம் மாற்றுவது, பால்கனியில் கண்ணாடி அடைப்பது, டிஷ் மாட்டுவது எல்லாவற்றுக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். தரையில் கார்பெட்டை எடுத்துவிட்டு லேமினேட் போடுவது பல லீஸ்களில் தடை, கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கும் என்பதால். முதலில் விண்ணப்பம், அப்புறம் அனுமதிக் கடிதம், அதற்கப்புறம் ஆளை வரச்சொல்வது. இதைத் தலைகீழாகச் செய்தவர்கள், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் அனுமதிக் கடிதம் கேட்டதும் ஓடிவருவார்கள். பின்தேதி அனுமதிக்குக் கட்டணம் அதிகம், மறுக்கவும் செய்யலாம்.

வாசல் கதவு தனிக் கதை. அது தீ தாங்கும் கதவு. அழகாக இருக்கிறதென்று வேறு கதவு மாட்டாதீர்கள், தானே மூடிக்கொள்ளும் கருவியைக் கழற்றாதீர்கள். 2023 ஜனவரி முதல், 11 மீட்டரைத் தாண்டிய கட்டடங்களில் வருடத்துக்கு ஒருமுறை வாசல் கதவுகளைப் பார்க்க முயல வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆள் வந்தால் திறந்து விடுங்கள். நடைவழியில் செருப்பு ஸ்டாண்டு, குழந்தை வண்டி, சைக்கிள் வைப்பதும் அதே காரணத்தால் பிரச்சினை.

வாடகைக்கு விடுவது: ஷேர்ட் ஓனருக்குப் பொதுவாக அனுமதி இல்லை. முழு லீஸ்ஹோல்டர் லீஸைப் பார்த்து, வங்கியிடமும் கேட்டுவிட்டு விடலாம். விட்டால் வருடாந்திர கேஸ் சோதனையும் 5 வருடத்துக்கு ஒருமுறை மின்சாரச் சோதனையும் உங்கள் தலையில். "சொந்தக்காரப் பையன்தான் தங்கியிருக்கான்" என்ற பதில் நிறைய நாள் நிற்காது.

10. கிளாடிங், தீப்பாதுகாப்புச் செலவு

2022ஆம் வருட கட்டடப் பாதுகாப்புச் சட்டம் லீஸ்ஹோல்டர்களுக்குத் தரும் பாதுகாப்பு, குறைந்தது 11 மீட்டர் உயரம் அல்லது குறைந்தது ஐந்து மாடி உள்ள கட்டடங்களுக்கு. 2022 பிப்ரவரி 14 அன்று அந்த ஃப்ளாட் உரிமையாளரின் முதன்மை வீடாக இருந்ததா, அல்லது அவரிடம் பிரிட்டனில் மொத்தம் மூன்று வீட்டுக்கு மேல் இல்லாமல் இருந்ததா என்பதுதான் தகுதிக்கான முக்கியக் கேள்வி. தகுதி இருந்தால் ஆபத்தான கிளாடிங்கை (வெளிச்சுவரின் மேல் பொருத்திய உறை) மாற்ற நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம். மற்ற தீப்பாதுகாப்புக் குறைகளுக்கு உச்சவரம்பு உண்டு: பெரும்பாலானவர்களுக்கு லண்டனில் 15,000 பவுண்டு, வெளியே 10,000. வீட்டு மதிப்பு லண்டனில் 3 லட்சத்து 25 ஆயிரம், வெளியே 1 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டுக்குக் குறைவென்றால் அதுவும் இல்லை. ஷேர்ட் ஓனருக்கு வரம்பு பங்குக்கேற்பக் குறையும். 40% என்றால் 15,000 என்பது 6,000 ஆகும்.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது லீஸ்ஹோல்டர் சான்றிதழ் பத்திரத்தை நிரப்பிக் கொடுப்பது. அசோசியேஷன் கேட்டு நீங்கள் கெடுவுக்குள் திருப்பித் தராவிட்டால், தகுதி இல்லாதவராக நடத்தப்படலாம். நீங்கள் 2022க்குப் பிறகு வாங்கியவர் என்றால் அன்றைய உரிமையாளரின் நிலைதான் கணக்கு. அந்தப் பத்திரத்தை விற்பவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். சாவி கைமாறிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு.

11. பங்கைக் கூட்டுவது, லீஸை நீட்டிப்பது, விற்பது

பங்கைக் கூட்ட, அதாவது ஸ்டேர்கேசிங் செய்ய, முதலில் வங்கியிடம் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேளுங்கள். அப்புறம்தான் சர்வேயரின் மதிப்பீடு. மதிப்பீடு பெரும்பாலும் மூன்று மாதம்தான் செல்லும். வங்கி இழுத்தால் மறுபடி செலவு செய்து புதிது எடுக்க வேண்டும். பழைய லீஸ்களில் பெரும்பாலும் 10% கட்டங்களாகத்தான் கூட்டலாம். புதிய மாதிரியில் 5%, அதோடு முதல் 15 வருடம் வருடத்துக்கு 1% வழியும் உண்டு. சில கிராமப்புறப் பகுதிகளில் 80% உடன் நின்றுவிடும் லீஸ்கள் இருக்கின்றன, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீஸில் மீதி வருடங்கள் 80க்குக் கீழே போகும் முன் நீட்டிப்பைப் பற்றி யோசியுங்கள். அதற்குக் கீழே போனால் கூட்டு மதிப்பு என்ற ஒன்று விலையில் சேரும். முழு லீஸ்ஹோல்டருக்கு 90 வருடம் கூட்டும் சட்ட உரிமை உண்டு. இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 31இல் நீங்கியது. 2024இல் வந்த சீர்திருத்தச் சட்டம் இதை 990 வருடமாக்குகிறது, ஆனால் அந்தச் சட்டத்தின் பகுதிகள் ஒவ்வொன்றாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. நீங்கள் படிக்கும் நாளில் எது அமலில் இருக்கிறது என்று ஆலோசனை கேட்டுவிட்டு நகருங்கள். 100% வாங்காத ஷேர்ட் ஓனர்கள் அசோசியேஷனிடம் பேச்சுவார்த்தையாகத்தான் நீட்டிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கென்று அவர்களிடம் எழுதிய கொள்கை இருக்கும், அதன் நகலைக் கேளுங்கள்.

விற்க நினைக்கும் ஷேர்ட் ஓனர் நேராக ஏஜென்ட்டிடம் போகக்கூடாது. முதலில் அசோசியேஷனுக்குச் சொல்ல வேண்டும். ஆள் தேட அவர்களுக்குப் பழைய லீஸில் பெரும்பாலும் 8 வாரம், புதியதில் 4 வாரம். அந்த வாரங்களிலேயே, வாங்குபவரின் சொலிசிட்டருக்காக அசோசியேஷன் தரும் நிர்வாகத் தகவல் தொகுப்புக்குப் பணம் கட்டி ஆர்டர் கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் கிடைத்த பிறகு கேட்டால், அது வருவதற்குள் அவருடைய மோர்ட்கேஜ் சலுகைக் காலம் முடிந்துபோய், வேறு வீடு பார்க்கக் கிளம்பியிருப்பார்.